பெயர் மயக்கமும் வழு நீக்கமும்: ஒரு தரவுத்தள மொழியின் பகுப்பான் திருத்தப்பட்டமை பற்றி

வழு என்பது தமிழிலக்கண நூலார்க்குப் பழகிய சொல். செய்நிரல்களில் நேரும் பிழையைக் குறிக்கக் கணனித் துறையினரும் இன்று அதனையே கையாளுகின்றனர். இவ்விரு வழக்குகளும் தற்செயலாக ஒன்றுபட்டவை என்று கருதுவோர் உளர். நாம் இங்கு எடுத்துக்கொள்ளும் வழுவைப் பொறுத்தமட்டில் அவை மிக அண்மித்து நிற்கின்றன. ஏனெனில் அது கணிப்பில் நேர்ந்த பிழையன்று. வாசிப்பில் நேர்ந்த பிழை. ஒரு சொல் இரு பொருளுக்கு உரியதாகி நின்றபோது, அதனை வாசித்த பொறி ஐயுறாது ஒன்றைத் தெரிந்து கொண்டு மேலே சென்றது. அதனால் விளையக்கூடிய கேடு யாது, அது எவ்வாறு திருத்தப்பட்டது, திருத்தத்தின் பின்னும் எஞ்சியிருப்பது யாது என்பனவே இக்கட்டுரையின் பொருள்.

தொடங்குமுன் ஒரு சொல்லாட்சி பற்றிக் கூறவேண்டும். எமது பாடசாலைக் கணித நூல்களில் கிடைவரிசை நிரை எனவும் நிலைவரிசை நிரல் எனவும் வழங்கும். தமிழகத்துக் கணனி எழுத்தாளரோ கணனிக்கு இடும் கட்டளைத் தொகுதியையே நிரல் என்பர். எனவே நிரல் என்ற சொல்லை முற்குறிப்பின்றி இக்கட்டுரையிற் பயன்படுத்துவோமாயின், நாம் விளக்கப் புகுந்த வழுவினையே வாசகர்க்கு நாமும் இழைத்தவராவோம். ஆதலால் அட்டவணையின் நிலைவரிசையை நிரல் என்றும், கட்டளைத் தொகுதியைச் செய்நிரல் என்றும், பெயரிட்டு அழைக்கத்தக்க சிறு செய்நிரற் கூறினைச் சார்பு என்றும் வழங்குவோம்.

கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்லி வளாகத்தில் மைக்கல் ஸ்ரோன்பிறேக்கர் தலைமையில் 1986இல் தொடங்கிய ஆராய்ச்சித் திட்டம் போஸ்ற்கிறெஸ் எனப் பெயர் பெற்றது. அதற்கு எஸ்.கியூ.எல். என்னும் வினவல் மொழியை அறியும் ஆற்றலை 1994இல் அன்ட்றூ யூ, ஜொலி சென் என்னும் இரு மாணவர் சேர்த்தனர். 1996 முதல் அது போஸ்ற்கிறெஸ்கியூஎல் என்ற பெயரோடு, பல நாடுகளிலிருந்தும் ஒன்றுகூடிய தன்னார்வலரின் பொது உடைமையாக வளர்ந்து வருகின்றது. அதன் மூலச் செய்நிரலை எவரும் வாசிக்கலாம், திருத்தலாம். இக்கட்டுரையை எம்மால் எழுத முடிவதும் அதனாலேதான். தனியார் கும்பனியொன்றின் பூட்டிய அறைக்குள் இதே வழு நேர்ந்திருப்பின், விளைவை மட்டுமே நாம் கண்டிருப்போம். காரணத்தை அறிந்திருக்க மாட்டோம்.

எஸ்.கியூ.எல். என்பது வேண்டுவதைக் கூறும் மொழி. இன்ன அட்டவணையில் இன்ன நிபந்தனைக்கு அமைந்த நிரைகளைத் தருக என்று அதில் கேட்கலாம். ஆயின் இவ்வாறாயின் இதைச் செய், அல்லாவிடின் அதைச் செய், இதனைப் பத்து முறை மீளச் செய் என்ற ஒழுங்குமுறைக் கட்டளைகளுக்கு அது போதாது. அக்குறையை நிரப்புவதற்கு எழுந்தவையே தரவுத்தளங்களின் செயன்முறை மொழிகள். ஒறக்கிள் கும்பனியின் பி.எல்.எஸ்.கியூ.எல். இவற்றுட் பெயர் பெற்றது. அதனைப் பெரிதும் பின்பற்றி யான் வீக் என்பார் இயற்றிய பி.எல்.பி.ஜி.எஸ்.கியூ.எல். என்ற மொழி 1998இல் வெளிவந்த 6.4ஆம் பதிப்போடு போஸ்ற்கிறெஸில் இடம்பெற்றது. உச்சரிப்பிற்கு இனிதல்லாத இப்பெயரைச் சுருக்கி இனி பி.எல். மொழி என்போம்.

இம்மொழியின் அமைப்பிலுள்ள விசேடம் யாதெனில், அது ஒன்றினுள் ஒன்றாக அமைந்த இரு மொழிகளாகும். நிபந்தனை, மீள்செயல், மாறிகளின் அறிவிப்பு ஆகியன பி.எல். மொழிக்கு உரியன. அவற்றிடையே வரும் வினவல்களும் கோவைகளும் எஸ்.கியூ.எல்.லுக்கு உரியன. முன்னதற்கு ஒரு பகுப்பான் உண்டு. பின்னதற்கு மையத் தரவுத்தளத்தில் வேறொரு பெரிய பகுப்பான் உண்டு. பகுப்பான் என்றது ஆங்கிலத்தில் பாசர் என வழங்குவதை; எழுத்துத் தொடரைச் சொற்களாகப் பிரித்துப் பெற்று, அச்சொற்கள் இலக்கண விதிப்படி எவ்வாறு இயைகின்றன என்று துணியும் கூறு அது. சொற்களாகப் பிரிக்கும் பணியை அதற்கு முன்னின்று செய்வது சொற்பிரிப்பான். ஆரம்ப காலத்தில் பி.எல். மொழிக்குத் தனியே ஒரு சொற்பிரிப்பானும் இருந்தது. இதனை வடிவமைத்தவர் செய்த தெரிவு குறைகூறத்தக்கதன்று. மையத்தைத் தொடாது, வேண்டியபோது ஏற்றிக்கொள்ளத்தக்க துணைக்கூறாக மொழியை அமைப்பதே நோக்கம். அந்நோக்கம் நிறைவேறிற்று. ஆனால் எஸ்.கியூ.எல். இலக்கணத்தை அறியாத ஒருவர் எஸ்.கியூ.எல். வாக்கியங்களைக் கையாள வேண்டிய நிலையும் அதனோடு வந்து சேர்ந்தது.

ஒரு நூலகத்தை எடுத்துக்கொள்வோம். இரவல் என்னும் அட்டவணையில் அங்கத்துவ_எண், நூல்_எண், திகதி என மூன்று நிரல்கள் உள. ஓர் அங்கத்தவர் நூல்கள் யாவற்றையும் ஒப்படைத்து விலகும்போது அவருடைய பதிவுகளை நீக்குவதற்கு ஒரு சார்பு எழுதப்படுகின்றது. சார்புக்குக் கொடுக்கப்படும் எண்ணைத் தாங்கும் மாறிக்கும், எழுதுபவர் இயல்பாகவே, அங்கத்துவ_எண் என்றே பெயரிடுகிறார். சார்பின் உள்ளே அவர் எழுதும் வாக்கியத்தின் பொருள் இது: இரவல் அட்டவணையில், அங்கத்துவ_எண் = அங்கத்துவ_எண் என்ற நிபந்தனைக்கு அமைந்த நிரைகளை நீக்குக.

(இவ்வுதாரணம் கற்பனையாயினும் பெயர்கள் கற்பனையல்ல. போஸ்ற்கிறெஸின் சொற்பிரிப்பான் 128 முதல் 255 வரையான பைற்றுகள் யாவற்றையும் எழுத்தென ஏற்பதால் தமிழ்ப் பெயர்களை அப்படியே இடலாம். கட்டளைச் சொற்களே ஆங்கிலமாக இருத்தல் வேண்டும். ஒரு பெயருக்கு இடம் 63 பைற்றுகள். யூனிகோட்டின் யூ.ரி.எப்.-8 முறையில் தமிழ்க் குறியொன்று மூன்று பைற்று கொள்வதால் அங்கத்துவ_எண் என்ற பெயருக்கு 37 பைற்றுகள் செலவாகின்றன. புள்ளியும் உயிர்க்குறியும் தனித்தனியே எண்ணப்படுவதால் 21 குறிகளைக் கடந்த தமிழ்ப் பெயர் கத்தரிக்கப்படும். முற்பகுதி ஒத்த இரு நீண்ட பெயர்கள் அவ்வாறு ஒரே பெயராகிவிடலும் கூடும். பெயர் மயக்கத்திற்கு இஃது இன்னொரு வாயில்.)

எழுதியவரின் கருத்தில் ஐயமில்லை. சமக்குறிக்கு இடப்புறம் உள்ளது நிரல். வலப்புறம் உள்ளது மாறி. வாசிக்கும் மனிதர் எவரும் அவ்வாறே கொள்வர். ஆனால் 9.0ஆம் பதிப்புக்கு முன்னர் பி.எல். மொழி இதனை எவ்வாறு வாசித்தது? அதன் சொற்பிரிப்பான் வாக்கியத்தைச் சொல் சொல்லாகக் கடந்து செல்லும். எதிர்ப்படும் சொல் தானறிந்த மாறியொன்றின் பெயராயின் அதனை அகற்றி $1, $2 என்றவாறு ஓர் இடக்குறியை வைக்கும். வாக்கியத்தின் இலக்கணத்தை அது நோக்குவதில்லை; நோக்கும் ஆற்றலும் அதற்கில்லை. ஆகவே மேற்கூறிய நிபந்தனை $1 = $1 என்றாயிற்று. இவ்வடிவிலேதான் அது மையப் பகுப்பானிடம் ஒப்படைக்கப்பட்டது. கொடுக்கப்பட்ட எண் வெறுமையல்லாத எப்பெறுமானமாயினும் அது தனக்குத் தானே சமம். ஒவ்வொரு நிரைக்கும் நிபந்தனை மெய்யாகின்றது. ஓர் அங்கத்தவரை நீக்கப் புகுந்த சார்பு நூலகத்தின் இரவற் பதிவுகள் அனைத்தையும் நீக்கிவிடுகின்றது. தவறுச் செய்தி எதுவும் எழுவதில்லை. எத்தனை நிரைகள் நீக்கப்பட்டன என்று சார்பு தானாகக் கூறுவதும் இல்லை. யார் எந்நூலைக் கொண்டு சென்றார் என்ற விவரம், ஒருவர் வந்து கேட்கும்வரை, இல்லாமற் போனமை தெரியாமலே இல்லாமற் போயிருக்கும்.

இவ்வளவு கேடில்லாத, ஆனால் எரிச்சலூட்டும் வேறு விளைவுகளும் உண்டு. மொத்தம் என்றொரு மாறியை அறிவித்துவிட்டு, வினவலின் விடைக்கு மொத்தம் என்ற மறுபெயரை இட்டால், மறுபெயர் வரவேண்டிய இடத்தில் $2 வந்து நிற்கும். மையப் பகுப்பான் இலக்கணப் பிழை என்று கூறி நிறுத்தும். எழுதியவரோ தாம் எழுதாத டொலர்க் குறியைத் தவறுச் செய்தியிற் கண்டு திகைப்பர். இவ்வகை வழு உரத்துக் கத்துவது, ஆதலால் அஞ்சத்தக்கதன்று. முன்னையது மௌனமானது.

மொழியைப் பயன்படுத்தியோர் இதற்குத் தாமே ஒரு கைம்மருந்து கண்டனர். மாறிகளின் பெயருக்கு முன்னே பி, வீ போன்ற ஓர் எழுத்தையும் கீழ்க்கோட்டையும் சேர்த்து எழுதும் வழக்கம் பரவிற்று. நல்லொழுக்கம் என்ற பெயரில் அது இன்றும் கற்பிக்கப்படுகின்றது. அதனைப் பின்பற்றுவதிற் தவறில்லை. ஆனால் கருவியின் குறையைக் கருவியைப் பயன்படுத்துவோரின் விழிப்பினால் ஈடுசெய்வது எங்கும் காணப்படும் ஒரு போக்கு என்பதையும் அவதானித்தல் வேண்டும். தொழிற்சாலையில் விரலிழந்தவனிடம் கவனமாயிருந்திருக்கலாம் என்று கூறுவதற்கும், பதிவழிந்தவரிடம் வேறு பெயர் இட்டிருக்கலாம் என்று கூறுவதற்கும் தர்க்கம் ஒன்றே. பழுதை உற்பத்தியின் பக்கத்தில் திருத்த முடியுமாயின், அங்கேதான் திருத்தல் வேண்டும்.

எதனைத் தெரிவது?

திருத்தத்தை மேற்கொண்டவர் ரொம் லேன். போஸ்ற்கிறெஸின் முதன்மை ஆக்குநர்களுள் ஒருவரான அவர் 2009இல் இப்பணியைச் செய்தார். 2010 செப்ரெம்பரில் வெளிவந்த 9.0ஆம் பதிப்பில் அது பயனுக்கு வந்தது. தீர்மானிக்க வேண்டியிருந்தவை இரண்டு. மயக்கம் நேரும்போது எதனைக் கொள்வது என்பது ஒன்று. மயக்கம் நேர்ந்ததை எவ்வாறு அறிவது என்பது மற்றொன்று. முதலாவதைப் பற்றியே எவரும் உடனே கருத்துக் கூறுவர். ஆயின் இரண்டாவதற்கு விடையில்லாமல் முதலாவதற்கு விடை கூறிப் பயனில்லை.

முதலாவதை நோக்குவோம். மாறியையே கொள்க என்பது பழைய வழக்கு. அதன் விளைவை மேலே கண்டோம். நிரலையே கொள்க என்பது ஒறக்கிளின் விதி. பலருக்கு இது நியாயமாகத் தோன்றும், எஸ்.கியூ.எல். வாக்கியத்தினுள்ளே எஸ்.கியூ.எல். பெயருக்கே முதலுரிமை என்பது ஒழுங்கான விதியல்லவா? எமது நூலகத்தில் அதனைப் பிரயோகித்துப் பார்க்கலாம். அங்கத்துவ_எண் = அங்கத்துவ_எண் என்ற இடத்தில் இரண்டும் நிரலெனக் கொள்ளப்படும். ஒரு நிரையின் அங்கத்துவ எண் அதே நிரையின் அங்கத்துவ எண்ணுக்குச் சமமானது தானே. அவ்விடம் வெறுமையாக இல்லாத நிரைகள் அனைத்தும் நீக்கப்படும். மாறிக்கு முதலுரிமை கொடுத்தாலும் பதிவுகள் அழிகின்றன. நிரலுக்கு முதலுரிமை கொடுத்தாலும் பதிவுகள் அழிகின்றன. எழுதியவர் கருதிய பொருளை எந்த முன்னுரிமை விதியும் தருவதில்லை. ஏனெனில் அவர் ஒரே வாக்கியத்தில் ஒரே சொல்லை இரு பொருளிலும் ஆண்டிருக்கிறார்.

இவ்வுண்மை எமக்கு முக்கியமாகத் தோன்றுகின்றது. இரு முன்னுரிமை விதிகளுள் எது சிறந்தது என்ற விவாதம் பயனற்ற விவாதம், அவ்விரண்டும் ஊகங்களே. இன்னொரு கோணத்திலும் இதனை நோக்கலாம். நிரலுக்கு முதலுரிமை கொடுக்கும் விதியில், பல்லாண்டு பிழையின்றி இயங்கிவந்த ஒரு சார்பு, யாரோ ஒருவர் அட்டவணையில் புதிய நிரலொன்றைச் சேர்த்த அன்றே பொருள் மாறிவிடும். அந்நிரலின் பெயர் பழைய மாறியொன்றின் பெயரோடு ஒத்திருந்தால் மட்டும் போதும். சார்பை எவரும் தொட்டிருக்க மாட்டார். மாறிக்கு முதலுரிமை கொடுக்கும் விதியிலோ, சார்பில் புதிய மாறியை அறிவிப்பவர் அதே கேட்டை விளைவிப்பார்.

எனவே 9.0ஆம் பதிப்பு மூன்றாவது வழியை இயல்பு நிலையாக்கிற்று. ஒரு பெயர் நிரலாகவும் மாறியாகவும் பொருள்படக்கூடியதாயின் பொறி தெரிவு செய்யாது. பெயர் மயக்கமுடையது, பி.எல். மாறியையோ அட்டவணை நிரலையோ குறிக்கலாம் என்று கூறி நின்றுவிடும். எழுதியவர் பொருளை வெளிப்படுத்துதல் வேண்டும். இரவல்.அங்கத்துவ_எண் என அட்டவணைப் பெயரை முன்னிட்டால் நிரல் என்பது துணியப்படும். சார்பின் பெயரை முன்னிட்டால், சார்புக்குக் கொடுக்கப்பட்ட மாறி என்பது துணியப்படும்.

தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் கிளவியாக்கத்தைக் கற்றவர்க்கு இது புதிதன்று. பலபொருளொருசொல்லை ஆசிரியர் இருவகைப்படுத்துவர். உடன்வரும் வினையினால் பொருள் துணியப்படுவது ஒருவகை. மா பூத்தது என்புழி மா மரமென்பது தெளிவு. வினையினால் வேறுபடாதது மற்றையது. மா வீழ்ந்தது என்புழி மரமோ விலங்கோ என்ற ஐயம் நீங்காது. அவ்விடத்தில் பொருளைக் கிளந்து கூறுதல் வேண்டும் என்பது விதி. கேட்போன் தனக்குத் தோன்றியதைக் கொள்க என்று இலக்கணம் கூறவில்லை. கூறுவோன் விளங்கக் கூறுக என்றே பணித்தது. கணனி இயலைத் தொல்காப்பியர் முன்னறிந்தார் என்று நிறுவ முயல்வோர் குழாத்தில் எம்மைச் சேர்த்துவிட வேண்டாம் எனவும் உடனடியாகக் கேட்டுக்கொள்கிறோம். மொழி எதுவாயினும் வாசிப்பின் இடர் ஒன்றாகையால், தீர்வும் ஒத்து நிற்கிறது, அவ்வளவே.

நின்றுவிடுதல் என்ற தீர்வும் விலையின்றிக் கிடைப்பதன்று. புதிய நிரல் சேர்க்கப்பட்டதும், நேற்றுவரை இயங்கிய சார்பு இன்று தவறுச் செய்தியோடு நிற்கும். பதிவுகள் காப்பாற்றப்பட்டன, பணி நின்றது. மேலும் இச்செய்தி எப்போது எழும் என்பதும் கவனத்திற்குரியது. சார்பை உருவாக்கும்போது பொதுவாக இலக்கண அமைப்பு மட்டுமே சரிபார்க்கப்படும். பெயர்கள் எவற்றைக் குறிக்கின்றன என்பது அவ்வாக்கியம் முதன்முறையாக நிறைவேற்றப்படும்போதே துணியப்படும். சார்பு எழுதப்படும் வேளையில் அட்டவணை இல்லாதிருக்கவும் கூடும் என்பதே காரணம். எனவே அரிதாக நிறைவேறும் கிளையொன்றில் உறையும் மயக்கம் மாதக்கணக்கில் வெளிப்படாது கிடக்கும். இக்குறையை நோக்கிப் பாவெல் ஸ்ரெஹுலே என்பார் ஆக்கிய பரிசோதனைத் துணைக்கூறு, சார்பை இயக்காமலே அதன் வாக்கியங்கள் அனைத்தையும் பார்த்து எச்சரிக்கும். அதனை நிறுவிக்கொள்வது பயன்படுத்துவோர் பொறுப்பு.

பழைய சார்புகளை ஒரே நாளில் திருத்த இயலாதவர்க்காக ஓர் அமைப்பு வழங்கப்பட்டது. தவறெனக் கொள்க, மாறியைக் கொள்க, நிரலைக் கொள்க என்ற மூன்றினுள் ஒன்றைத் தரவுத்தளம் முழுமைக்கும் அதியுயர் பயனர் விதிக்கலாம். தனியொரு சார்பின் தலைப்பிலே அச்சார்புக்கு மட்டுமாகவும் குறிக்கலாம். இணக்கத்திற்காக வழுவைக் கையோடு வைத்துக்கொள்ள அனுமதிப்பதா என்று கேட்கத் தோன்றும். ஆனால் பிறருடைய பல்லாண்டு உழைப்பு பழைய வாசிப்பை நம்பி எழுந்து நிற்கையில், அதனை ஓர் ஆணையால் இடிப்பதும் முறையன்று. இயல்பு நிலை எது என்பதே முக்கியம். பழையதை வேண்டுபவர் அதனைப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும் என்று வைத்தமை, எமது கருத்தில், சரியானது.

வாசிப்பை உரியவரிடம் ஒப்படைத்தல்

இனி இரண்டாவது வினா. மயக்கம் நேர்ந்ததை எவ்வாறு அறிவது? சொற்களை மாற்றிவைக்கும் பழைய முறையால் இதனை அறிய முடியாது. ஒரு பெயர் நிரலாகவும் இருக்கக்கூடுமா என்பது அட்டவணைகளை அறிந்தவர்க்கே தெரியும். அவ்விடம் நிரல் வரக்கூடிய இடந்தானா என்பது இலக்கணம் அறிந்தவர்க்கே தெரியும். அவ்விரண்டையும் அறிந்தது மையப் பகுப்பான். எனவே திருத்தத்தின் உட்கரு விதியொன்றைச் சேர்த்ததில் இல்லை. பணியைப் பிரித்த முறையை மாற்றியதில் உள்ளது.

முதலில், பி.எல். மொழியின் தனிச் சொற்பிரிப்பான் அகற்றப்பட்டு, மையச் சொற்பிரிப்பானையே அதுவும் பயன்படுத்துமாறு செய்யப்பட்டது. ஒரே எழுத்துத் தொடரை இருவர் இருவிதமாகப் பிரிக்கும் நிலை இதனால் நீங்கிற்று. இதன் பக்கவிளைவாக, எஸ்.கியூ.எல். தனக்கென ஒதுக்கிய சில சொற்களை மாறிப் பெயராக இட முடியாது போயிற்று. இரட்டை மேற்கோளுள் இட்டால் இடலாம். அடுத்து, வினவலின் பாடத்தில் கைவைக்கும் வழக்கம் கைவிடப்பட்டது. எழுதியது எழுதியவாறே மையப் பகுப்பானிடம் செல்லும். அது இலக்கணப்படி வாசித்துச் செல்கையில் நிரலைக் குறிக்கக்கூடிய இடத்தில் ஒரு பெயரைக் கண்டால் மட்டும், பி.எல். மொழியைக் கூப்பிட்டு வினவும். ஆங்கிலத்தில் கொளுக்கி என்று பொருள்படும் சொல்லால் இவ்வழைப்பு வழங்குகின்றது. கொளுக்கிகள் இரண்டு. ஒன்று, மையம் தானே பொருள் தேடுமுன் அழைப்பது. மாறிக்கு முதலுரிமை வேண்டியவர்க்கு இது பயன்படும். மற்றையது, மையம் தேடி முடித்த பின் அழைப்பது. நான் ஒரு நிரலைக் கண்டேன், அல்லது காணவில்லை. உன்னிடம் இப்பெயரில் மாறி உண்டா என்பது அதன் பொருள். மையமும் கண்டு, பி.எல். மொழியும் கண்டதாயின் அதுவே மயக்கம். அக்கணத்தில் தவறு அறிவிக்கப்படும்.

மறுபெயர் வரும் இடத்தில் இவ்வினாவே எழுவதில்லை. ஆகவே மொத்தம் என்ற மறுபெயர் பற்றிய தொல்லை, அதற்கெனத் தனி விதி எதுவும் இன்றியே, மறைந்து போயிற்று. சரியான இடத்தில் செய்யப்பட்ட திருத்தத்திற்கு இதனையொரு அடையாளமாகக் கொள்ளலாம்.

ஆயினும் இரு மொழிகளின் எல்லைக்கோடு எங்கே என்ற பிரச்சினை இதனால் தீர்ந்துவிடவில்லை. நிபந்தனைச் சொல்லின் பின்வரும் கோவையை எஸ்.கியூ.எல்.லிடம் ஒப்படைக்க வேண்டுமாயின், அக்கோவை எங்கு முடிகின்றது என்று பி.எல். மொழி முதலில் அறிதல் வேண்டும். அதற்கு அது கையாளும் உபாயம் எளியது: தென் என்ற ஆங்கிலச் சொல் வரும்வரை வாசி, இடையில் திறந்த அடைப்புகளை மட்டும் எண்ணிக்கொள். ஆனால் எஸ்.கியூ.எல்.லின் கேஸ் என்னும் தெரிவுக் கோவையிலும் அதே தென் என்ற சொல் உண்டு. அடைப்பின்றி அதனை நிபந்தனையில் இட்டால், கேஸினுள் இருக்கும் தென்னையே தனக்குரியதெனக் கொண்டு பி.எல். மொழி அங்கேயே வெட்டிவிடும். அரைகுறைக் கோவையைப் பெற்ற மையம் இலக்கணப் பிழை என்னும். கோவை முழுவதையும் அடைப்புக்குள் இடுவதே பரிகாரம். இங்கு பதிவு எதுவும் அழிவதில்லை. இது உரத்துக் கத்தும் வகையைச் சேர்ந்தது.

எல்லைக்கோடு பற்றிய இன்னொரு சிறு உதாரணம் சுவையானது. ஒன்று முதல் பத்து வரை மீளச் செய் என்பதை இம்மொழியில் 1..10 என எழுதுவர். எஸ்.கியூ.எல்.லிலோ 1. என்பதும் எண்; .10 என்பதும் எண். இயன்றவரை நீண்ட சொல்லைக் கொள்க என்ற பொது விதிப்படி சென்றால், இரு புள்ளிகளும் இரு எண்களுக்குள் மறைந்துவிடும். வரை என்ற குறியே இராது. எனவே இலக்கங்களை அடுத்து இரு புள்ளிகள் தொடர்ந்து வருமாயின் அப்புள்ளிகளை மீளக் கக்கிவிட்டு இலக்கத்தை மட்டும் முழுவெண்ணாகக் கொள்க என்று மையச் சொற்பிரிப்பானில் ஒரு விலக்கு விதி எழுதப்பட்டுள்ளது.

2021இல் வெளிவந்த 14ஆம் பதிப்பு இன்னுமோர் அடி முன்சென்றது. அதுவரை ஒரு மாறிக்குப் பெறுமானம் வழங்கும் வாக்கியத்தில், வலப்புறக் கோவைக்கு முன்னே செலெக்ற் என்ற சொல்லை ஒட்டி, முழு வினவலாக்கி மையத்திடம் கொடுப்பதே வழக்கம். செலெக்ற் என்பதன் பின் வரக்கூடிய எதனையும் இதனால் கோவையென எழுத முடிந்தது. இன்ன அட்டவணையிலிருந்து இன்ன நிபந்தனையோடு என்ற தொடர்களைக்கூடப் பெறுமானம் வழங்கும் வாக்கியத்தில் நேரே எழுதியோர் உளர். இவ்வாறு எழுதலாம் என்று கையேடு கூறியதில்லை. 14ஆம் பதிப்பில் ரொம் லேன் இந்த ஒட்டு வேலையை நீக்கி, பெறுமானம் வழங்கும் வாக்கியத்தை மைய இலக்கணமே நேரே அறியுமாறு செய்தார். அவ்வாறு செய்கையில், கையேட்டில் இல்லாத அவ்வழக்கையும் மைய இலக்கணத்தினுள் தெரிந்தே ஏற்றுக்கொண்டார். வழுவாயினும் வழக்கில் நிலைபெற்றதை அமைத்துக்கொள்வதை எம் இலக்கணகாரர் வழுவமைதி என்பர். இதற்கும் அப்பெயர் பொருந்தும்.

ஒட்டு வேலை ஒன்று அப்போதும் எஞ்சிற்று. விடை வேண்டாது வினவலை நிறைவேற்று என்று பொருள்படும் பெர்போம் என்ற சொல் எஸ்.கியூ.எல்.லில் இல்லை. அதற்கெனத் தனி வழி அமைப்பது வீண் உழைப்பு எனக் கருதி, ஏழு எழுத்துடைய அவ்வாங்கிலச் சொல்லின்மீது, ஓர் இடைவெளியும் ஆறெழுத்துச் செலெக்ற்றுமாக ஏழு எழுத்துகள் பதிக்கப்படுகின்றன. இஃது ஏமாற்று வேலை என்று மூலச் செய்நிரலின் குறிப்பிலேயே ஒப்புக்கொள்ளப்பட்டுள்ளது. அந்நேர்மையை நாம் மதிக்கிறோம்.

பெயர் மயக்கமும் முற்றாக நீங்கவில்லை. 8.4ஆம் பதிப்பு முதல், ஒரு சார்பு அட்டவணை வடிவில் விடை தருவதாக அறிவிக்கும்போது, அவ்விடையின் நிரற்பெயர்கள் சார்பினுள்ளே மாறிகளுமாகின்றன. எழுதியவர் அவற்றை மாறிகளென எண்ணியே இரார். 2016இல் வந்த 9.5ஆம் பதிப்போ, ஏற்கெனவே உள்ள நிரையோடு மோதினால் புதுப்பிக்க என்று கூறும் வசதியைத் தந்தது. எந்நிரலில் மோதல் என்பதை அங்கே அடைப்புக்குள் எழுத வேண்டும். மையப் பகுப்பான் அப்பெயரைக் கோவையாகவே வாசிப்பதால் கொளுக்கி அழைக்கப்படுகின்றது, மாறியும் கிடைக்கின்றது, மயக்கம் என்று நின்றுவிடுகின்றது. நிரலையன்றி வேறெதுவும் அங்கே பொருந்தாது என்பது எழுதியவர்க்குத் தெரியும், பொறிக்குத் தெரியவில்லை. கிளந்து கூறலாமெனின், அவ்விடத்தில் அட்டவணைப் பெயரை முன்னிட இலக்கணம் இடந்தருவதில்லை. நூலகத்துச் சார்பை எழுதுபவர் இங்கே செய்யக்கூடியவை மூன்று: மோதலுக்குரிய கட்டுப்பாட்டை அதன் பெயரால் குறிப்பிடலாம்; சார்பின் தலைப்பில் நிரலைக் கொள்க என்று எழுதலாம்; அல்லது விடையின் நிரலுக்கு வேறு பெயர் இடலாம்.